எனிட் வீட்டுத் தொட்டி

செவ்வாய்க்கிழமை காலை, கையில் டீயோடும் மண்டையில் கோபத்தோடும் நெவில் பாஸ்கோ சமையலறையில் உட்கார்ந்திருந்தார். எதிரே மேசைமேல் கிடந்த கைபேசியிலிருந்து ஒரே பாட்டு முடிந்து முடிந்து மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தது. வீட்டுத் தொலைபேசியை நிறுத்தப் போகிறோம் என்று கம்பெனி ஒரு செய்தி அனுப்பியிருந்தது. எதற்கு நிறுத்துகிறீர்கள், யாரைக் கேட்டு நிறுத்துகிறீர்கள் என்று விசாரிக்கத்தான் அவர் அழைத்தார். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று நடுநடுவே ஒரு பெண் குரல் தேன் ஒழுகப் பேசியது. முக்கியமாம்! முக்கியமான ஆளை இப்படியா காக்கப் போடுவார்கள்?

எழுபத்தேழு வயதில் அவருக்குப் பிடிக்காதவற்றைச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும். கடையில் கல்லாவில் ஆள் கிடையாது, நாமே பில் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டால், பையில் ஏதோ கூடுதலாக வைத்துவிட்டாய் என்று அந்த மிஷின் திருடனைப் பிடித்ததுபோல் கத்தும். பப்பில் என்ன சாப்பாடு இருக்கிறது என்று கேட்டால், மேசையில் ஒட்டியிருக்கும் புள்ளிச் சதுரத்தைப் போனில் படம் பிடியுங்கள் என்பார்கள். வாசலில் விழுந்த நாலு இலையைக் கூட்டித் தள்ளத் துடைப்பம் போதாதா? அதற்கு விமானம் கிளம்புகிற மாதிரி அலறும் ஓர் ஊதுகுழல் மிஷின். காது மந்தமான அவருக்கு அந்த அலறலைக் காதுக்கருவி இன்னும் பெரிதாக்கிக் கொடுத்தது. அதனால் கருவி பெரும்பாலும் இழுப்பறையில்தான் குடியிருந்தது.

இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது தொட்டி விவகாரம். ஆஸ்திரேலியாவில், பெண்டிகோ ஊரின் அந்தத் தெருவில் திங்கள் சாயங்காலம் சக்கரம் வைத்த குப்பைத் தொட்டிகளைத் தெரு விளிம்பில் நிறுத்துவார்கள். செவ்வாய் காலை லாரி வந்து கவிழ்த்துக்கொண்டு போகும். போனதும் தொட்டியை உள்ளே இழுத்து வைப்பதுதான் மனுஷனுக்கு அழகு. முன்பெல்லாம் அப்படித்தான் நடந்தது. தெருவில் பாதி வீடுகள் வாடகைக்குப் போன பிறகு, தொட்டிகள் வியாழக்கிழமை வரை வாய் பிளந்து நின்றன. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி, ஊரில் பாதிப் பேரைச் சின்ன வயதில் "உட்காருடா!" என்று அதட்டியவர் நெவில். சும்மா இருப்பாரா? லாரி போனதும் கிளம்பிப் போய், யாருக்கும் சொல்லாமல், அத்தனை தொட்டிகளையும் அவரே உள்ளே தள்ளிவிட்டு வருவார். அதை உதவி என்று அவர் நினைத்ததே இல்லை. கண்ணை உறுத்தியது, தள்ளினார், அவ்வளவுதான்.

அன்றும் பாட்டு ஓயவில்லை. நெவில் போனை மேசையிலேயே பாட விட்டுவிட்டு வெளியே வந்தார். மனைவி லொரெய்ன் நீச்சல் குளத்துக்குப் போயிருந்தாள். முதலில் எதிர்வீட்டு டீகனின் தொட்டி. கழுத்து வரை பச்சை குத்திய பெண், ராத்திரி வேலை, உறுமுகிற கார். "கையில அத்தனை படம் வரையத் தெம்பிருக்கு, தொட்டிய இழுக்கத் தெம்பில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே தள்ளினார்.

பக்கத்திலிருந்த எனிட் கில்லெஸ்பியின் வீட்டைப் பார்த்ததும் அவருக்கு நம்ப முடியவில்லை. எனிட்டின் தொட்டி வெளியே நின்றது. எண்பத்துநாலு வயதிலும் லாரியின் புகை அடங்குமுன் தொட்டியை உள்ளே கொண்டுபோகும் பெண்பிள்ளை. தெருவில் அவர் கை வைக்காத ஒரே தொட்டி அதுதான்.

"நீயுமா எனிட்!" என்று உரக்கவே சொன்னார். "உனக்குமா சோம்பேறித்தனம் வந்துடுச்சு!"

வீட்டுச் சுவரை ஒட்டிய சிமெண்ட் பாதையில், அதையே மறுபடி சொல்லியபடி தொட்டியை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். சமையலறை ஜன்னலுக்கு நேரே வந்ததும் நின்றார். கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாமா என்று தோன்றியது. அந்த நினைப்புக்கு அவர் ஒரு மூச்சு நேரம் கொடுத்திருப்பார். அதற்குள் போன் ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கம்பெனிப் பெண் எடுத்து, இங்கே ஆள் இல்லை என்று வைத்துவிட்டால்? காத்திருந்ததெல்லாம் வீண். தொட்டியைச் சுவரோரம் சாத்திவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குத் திரும்பினார்.

பாட்டு நின்று போயிருந்தது. அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது. அன்று முழுக்க அவர் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

புதன்கிழமை காலையில், புல்வெளியில் பந்துருட்டும் லான் பௌல்ஸ் ஆட்டத்துக்கு எனிட்டைக் கூட்டிப்போக வந்த சிநேகிதி, கதவு திறக்காததால் பின்பக்கமாகப் போய் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். எனிட் சமையலறைத் தரையில் கிடந்தாள். மேசைவிரிப்பை இழுத்து மேலே போர்த்தியிருந்தாள். இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. உயிர் இருந்தது. செவ்வாய் காலையில், லாரி வருவதற்கு முன்பே விழுந்துவிட்டதாக ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொல்லியிருக்கிறாள்.

லொரெய்ன் இதை ஓடிவந்து சொன்னபோது நெவில் ஷேவ் செய்துகொண்டிருந்தார். கத்தி தாடையில் அப்படியே நின்றது. லாரி வருவதற்கு முன்பே. அப்படியென்றால் அவர் அந்த ஜன்னலருகே நின்றபோது, சுவருக்கு அந்தப் பக்கம்... அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. யோசிக்கத் துணியவில்லை.

எனிட்டின் மகன் ராஸ் மறுநாள் பெர்த்திலிருந்து பறந்து வந்தான். மதியம் நெவில் செடிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்தால் லொரெய்ன் பார்வைக்குத் தப்ப முடியாது என்று வந்தவர். காதுக்கருவியை அன்று மாட்டியிருந்தார். அதனால் எதிர்ப்பக்கத்தில் ராஸ் கத்தியது ஒரு சொல் விடாமல் கேட்டது.

"செவ்வாய்க்கிழமை யாரும் வராத நாளு. தொட்டி வெளிய நின்னா வந்து கதவைத் தட்டுறேன்னு எங்கம்மாகிட்ட சொன்னது நீதானே?"

டீகன் இன்னும் மாற்றாத வேலைச் சீருடையோடு வாசல் படியில் நின்றாள். "ஆமா ராஸ். ராத்திரி வேலை முடிஞ்சு காலைல பத்து மணிக்கு வந்ததும் அதைத்தான் முதல்ல பார்ப்பேன். தொட்டி உள்ள இருந்துச்சு. நான் பார்த்தேன்."

"உள்ள இருந்துச்சா? அம்மா விழுந்தது லாரி வர்றதுக்கு முன்னாடி. இடுப்பு உடைஞ்சு கிடந்தவ எழுந்து வந்து, தொட்டிய இழுத்து வெச்சிட்டு, மறுபடி போய்த் தரையில படுத்துக்கிட்டாளா?"

டீகனிடம் அதற்குப் பதில் இல்லை. யாரிடம்தான் இருக்கும்? பதில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ரப்பர் குழாயோடு நின்றது.

"தூக்கக் கலக்கத்துல பார்க்காமப் போய்ப் படுத்திருப்பே. அதை ஒத்துக்க. பொய் சொல்லாதே" என்றான் ராஸ். "நீ வேலை பார்க்கிறது முதியோர் இல்லத்துலதானே? அங்க உன்னை நம்பி எத்தனை பேரு படுத்திருக்காங்க? உன் மேலாளர்கிட்ட பேசாம நான் ஊருக்குப் போறதா இல்ல."

அவன் திரும்பியபோது நெவில் கண்ணில் பட்டார். "நெவ்! தெருவுல ஒரு பூனை புதுசா வந்தாக்கூட உங்களுக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை அம்மா தொட்டி வெளிய இருந்துச்சா, உள்ள இருந்துச்சா?"

டீகன் அவரைப் பார்த்தாள். எப்படியாவது உள்ளே இருந்தது என்று சொல்லிவிடமாட்டாரா என்கிற பார்வை.

"கவனிக்கலப்பா" என்றார் நெவில்.

அந்தத் தெருவில் அவர் கவனிக்காத விஷயம் என்று ஒன்று உண்டு என்பதை ராஸ் நம்பிவிட்டான். தண்ணீர் ரோஜாச் செடியைத் தாண்டி அவருடைய செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் லொரெய்ன் ஆட்டிறைச்சி வறுத்து, உருளைக்கிழங்கு மசித்து வைத்தாள். நெவில் பட்டாணியை முள்கரண்டியால் தட்டின் ஓரத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

"கவனிக்கலைன்னு சொன்னியாமே" என்றாள் லொரெய்ன்.

"உனக்கு யார் சொன்னது?"

"ராஸ்தான். பாவம் அந்த நெவ், ரொம்ப ஆடிப்போயிட்டாருன்னு சொன்னான்." அவள் குழம்பை ஊற்றினாள். "இந்தத் தெருவுல ஒவ்வொரு செவ்வாயும் தொட்டிங்க தானாவே நடந்து உள்ள போகுது. நான் இருபது வாரமா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஆச்சரியமா இல்ல?"

"லொரெய்ன், விடு."

"நான் பிடிக்கவே இல்லையே, விடறதுக்கு" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நெவில் முள்கரண்டியைக் கீழே வைத்தார். பேருந்து ஓட்டிய காலத்தில் அவரிடம் வந்து அடுத்த பிள்ளையைப் போட்டுக் கொடுக்கும் பையன்களை அவர் தண்டனையாக முன் இருக்கைக்கு அனுப்பிவிடுவார். அந்த ஊரில் குடிகாரனுக்கு மன்னிப்பு உண்டு, காட்டிக்கொடுப்பவனுக்குக் கிடையாது. மதியத்திலிருந்து அவர் அதைத்தான் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார்: நான் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லையே. அந்தச் சாப்பாட்டு மேசையில் அது அவருக்கே உளுத்துப் போனதாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டே ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுத்திருக்கிறார், செய்யாத தப்புக்கு. வெட்கங்கெட்ட மனுஷன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். கார் நிறுத்தக் காசு வாங்க அங்கே ஆள் இல்லை, போனில் செயலியை இறக்குங்கள் என்று பலகை மட்டும் இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அதற்காகவே வீடு திரும்பியிருப்பார். அன்று ஒன்றும் பேசாமல் தெருக்கோடியில் காரை விட்டுவிட்டு நடந்தார். செய்த தப்புக்கு இந்த நடை கூடப் போதாது என்று தோன்றியது.

எனிட் தலையணையில் சாய்ந்து கிடந்தாள். முகம் சுருங்கியிருந்தது, கண் மட்டும் பழைய கண்.

"வா நெவில். நான் ஒண்ணும் செத்துப் போகலை, மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்க? உட்காரு. கருவி மாட்டியிருக்கியா?"

"மாட்டியிருக்கேன்."

"இப்ப மாட்டி என்ன பண்ண" என்றாள் எனிட்.

நெவில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஓரத்தைத் திருகினார். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார்.

எனிட்டே ஆரம்பித்தாள். "தரை ஒரே ஜில்லுப்பா. அசைய முடியல. தொட்டி வெளிய நிக்குது, பத்து மணிக்கு அந்தப் பொண்ணு வந்துடுவா, அதுவரைக்கும் தாக்குப் பிடிச்சாப் போதும்னு கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் சக்கரச் சத்தம் கேட்டுது. கடகடன்னு. சுவரோரமா. அப்பாடா, யாரோ வந்துட்டாங்கன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அப்புறம் உன் குரல். எனக்கு சோம்பேறித்தனம் வந்துடுச்சாம்!" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் இடுப்பு வலித்து முகத்தைச் சுளித்தாள். "இடுப்பொடிஞ்சு கிடக்கிறவளைப் பார்த்துச் சொல்ற பேச்சாடா அது?"

"எனிட்..."

"கத்தினேன் நெவில். உன் பேரைச் சொல்லித்தான் கத்தினேன். நீ நின்னே. ஜன்னலுக்கு நேரா நின்னே, உன் நிழல்கூடத் தெரிஞ்சுது. கேட்டுடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம் நீ போற சத்தம்." சற்று நேரம் கூரையைப் பார்த்தாள். "நீ போனதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். தொட்டியையும் கொண்டு வந்துட்டான், இனி அந்தப் பொண்ணும் வரமாட்டாளேன்னு தோணுச்சு பாரு, அப்பத்தான் அழுதேன்."

நெவில் அழுதார். எண்பதை நெருங்கும் ஆண்பிள்ளை, பொது வார்டில், நர்ஸ் பார்க்கத் தொப்பியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். எனிட் தடுக்கவில்லை.

"ராஸ்கிட்ட ஏன் சொல்லல?" என்று கடைசியில் கேட்டார்.

"அந்தப் பொண்ணு பொய் சொல்றவ இல்லைன்னு சொன்னேன். விழுந்ததுல எனக்குப் புத்தி கலங்கியிருக்காம், அவன் கேட்கல. உன் பேரை மட்டும் சொல்லல. நீயா சொல்லுவேன்னு புதன்கிழமையிலேர்ந்து காத்திருக்கேன்." அவள் கையை நீட்டி அவருடைய தொப்பியைத் தட்டினாள். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்த்திருப்பேன். அதுக்கு மேல நானே சொல்லியிருப்பேன். சும்மா உட்கார்ந்திருக்காதே, போ."

அவர் திரும்பி வந்தபோது டீகன் படியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகிற நேரம், ஆனால் வீட்டு உடுப்பில் இருந்தாள்.

"வேலைக்குப் போகலையாம்மா?" என்று கேட்டுக்கொண்டே ரோட்டைத் தாண்டினார். அந்தப் படிக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை.

"விசாரிக்கிற வரைக்கும் வர வேணாம்னுட்டாங்க. ராஸ் போன் பண்ணிட்டாரு." சிகரெட்டை நசுக்கினாள். "ஒருவேளை அவர் சொல்றதும் சரியா இருக்கலாம். நான் யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன். ரொம்ப அலுப்பா இருந்துச்சு. தொட்டி வெளியவே நின்னிருக்கும், உள்ள இருக்குன்னு நானா நினைச்சிருப்பேன். கண்ணால பார்த்த மாதிரிதான் இருக்கு. ஆனா இப்ப எனக்கே நம்பிக்கை இல்ல."

நெவிலுக்கு எனிட் சொன்ன எல்லாவற்றையும்விட இது அதிகமாகச் சுட்டது. ஒரு பெண்ணின் கண்ணை அவளே நம்பாதபடி செய்துவிட்டாரே!

"நீ சரியாத்தான் பார்த்திருக்க. தொட்டி உள்ளதான் இருந்துச்சு. நான்தான் இழுத்துட்டுப் போனேன். அவ உள்ள விழுந்து கிடக்கிறப்போ நான்தான் இழுத்துட்டுப் போனேன்."

டீகன் எழுந்து நின்றாள்.

"என் தொட்டியையும் நீங்கதானா? வாரா வாரம்?"

"ஆமா."

"அது எனிட்னு நினைச்சேன்." அவள் குரல் உடைந்தது. "கேட்டா அவங்க ஒண்ணும் சொல்லாம சிரிப்பாங்க. அன்னிக்கு வந்து பார்க்கறேன், அவங்க தொட்டியும் உள்ள, என் தொட்டியும் உள்ள. பரவால்லையே, கிழவி இன்னிக்கு நல்ல தெம்பா இருக்கா போலன்னு சந்தோஷமாப் போய்ப் படுத்தேன். நல்லாத் தூங்கினேன்!"

அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம், நெவில் வீட்டு ரோஜாச் செடியைப் பார்த்தாள்.

"நேத்து அங்கேருந்து என்னையே பார்த்துக்கிட்டு நின்னீங்க" என்றாள்.

"நின்னேன்."

"ராஸ்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. முதல்ல உன்கிட்ட..."

"என்கிட்ட எதுக்கு? நான் பண்ணலைன்னு எனக்கா தெரியணும்?" அவள் தன் போனில் எண்ணைத் தட்டி அவர் கையில் திணித்தாள். "பேசுங்க. நான் கேட்கணும்."

ராஸ் முதல் மணியிலேயே எடுத்தான். யாரும் பாட்டுப் போட்டு அவரைக் காக்க வைக்கவில்லை. நெவில் எல்லாவற்றையும் சொன்னார்: தொட்டி, ஜன்னல், இழுப்பறையில் கிடந்த காதுக்கருவி, வேலியோரம் சொன்ன பொய்.

"அந்தப் பொண்ணு தவிக்கிறதைப் பார்த்துக்கிட்டே கவனிக்கலைன்னு சொன்னீங்க" என்றான் ராஸ்.

"சொன்னேன்."

"இந்தத் தெருவுல அம்மா நம்பிச் சாவி கொடுத்து வெச்சிருக்கிற ஒரே ஆளு நீங்கதான், நெவ்." வைத்துவிட்டான்.

சாவி. அவர் வீட்டு ஆணியில்தான் வருடக்கணக்காகத் தொங்குகிறது. அன்று அந்த ஞாபகம்கூட அவருக்கு வரவில்லை.

ராஸ் முதியோர் இல்லத்துக்கு மறுபடி பேசினான். டீகனிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டான். வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் ராத்திரியில் அவளைத் தனியாக விடுவதில்லையாம், கூட ஒரு ஆள் போடுகிறார்கள். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எனிட்டால் இனிப் பழையபடி நடக்க முடியாது என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். பெர்த்தில் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு இல்லத்தில் இடம் பார்த்தாயிற்று. வாசல் புல்லில் 'விற்பனைக்கு' என்று பலகை முளைத்தது. கிளம்புமுன் ராஸ் நெவில் வீட்டு வாசலில் நின்று, உள்ளே வராமல், ஒரே ஒரு விஷயம் கேட்டான்.

"அம்மா தொட்டியில பழைய குப்பை கொஞ்சம் இருக்கு. திங்கக்கிழமை வெளிய வைக்க முடியுமா?"

"வைக்கிறேன்பா" என்றார் நெவில்.

திங்கள் சாயங்காலம் இழுப்பறையைத் திறந்து இரண்டு காதிலும் கருவியை மாட்டிக்கொண்டு எனிட் வீட்டுக்குப் போனார். தொட்டி அவர் சாத்திய இடத்திலேயே நின்றது. சாய்த்து இழுத்தார். சக்கரம் சிமெண்டில் உருண்டதும் அவர் உடம்பு தூக்கிப்போட்டது. இத்தனை காலத்தில் அந்தச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. சுவரில் மோதி, ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்து, தெரு முழுக்கக் கேட்கும்படி கடகடவென்று அலறியது. இப்படி ஒரு சத்தம் கேட்டால் யாருக்குத்தான் ஆள் வந்துவிட்டது என்று தோன்றாது?

சமையலறை ஜன்னலருகே நின்றார். சத்தம் அடங்கியது. உள்ளே வெறும் தரை தெரிந்தது.

"எனிட்" என்று கூப்பிட்டார். காலி வீடு என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் தலையைச் சாய்த்து, ஒருவர் கேட்டுப் பதில் சொல்ல எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நின்றார். பிறகு தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.